கழற்றி மாட்டும் சப்வூஃபர் பெட்டி: சீல்டா போர்ட்டடா, ஆம்ப் எங்கே, பிளக் எது?

காரின் டிக்கியில் நிரந்தரமாகத் திருகி வைக்கும் சப்வூஃபர் (பாஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) பெட்டிக்கும், வாரம் இரண்டு முறை வெளியே எடுக்கும் பெட்டிக்கும் கணக்கு வேறு. முதலாவதில் சத்தம்தான் எல்லாம். இரண்டாவதில் எடை, பிளக், பிடிமானம் மூன்றும் சத்தத்தை முந்திக்கொண்டு வரும். எடுக்கக் கஷ்டமான பெட்டியை இரண்டாம் மாதத்துக்குப் பிறகு யாரும் எடுப்பதில்லை. டயர் பஞ்சராகி ஸ்டெப்னியை எடுக்கப்போகும் மழை நாளில்தான் அது உறைக்கும்.

சீல்டா, போர்ட்டடா

12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுக்குக் காற்றுப் புகாத சீல்டு பெட்டி பொதுவாக 25 முதல் 35 லிட்டர் போதும். காற்று போய்வர ஒரு வழி (போர்ட்) விட்ட போர்ட்டட் பெட்டிக்கு 45 முதல் 60 லிட்டர் வேண்டும். இந்த வித்தியாசம் கையில் எவ்வளவு கனக்கும் என்று போட்டுப் பார்ப்போம்.

சீல்டு: வெளி அளவு 40 × 38 × 30 செ.மீ., பலகை 18 மி.மீ. உள்ளளவு 36.4 × 34.4 × 26.4, அதாவது 33 லிட்டர். ஸ்பீக்கரின் காந்தமும் கூடையும் அடைக்கும் இடம் சுமார் 2 லிட்டர் போக 31. பெட்டியில் உள்ள பலகை 12.5 லிட்டர். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) லிட்டருக்கு முக்கால் கிலோ என்று வைத்தால் ஒன்பதரை கிலோ. ஆறரை கிலோ ஸ்பீக்கரையும் சேர்த்தால் 16 கிலோ.

போர்ட்டட்: அகலம் 60, உயரம் 35, ஆழம் 40 செ.மீ. உள்ளே 64 லிட்டர் கிடைக்கிறது. 35 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்ய, அதாவது போர்ட் அந்த அதிர்வெண்ணில் பலமாக ஒலிக்க, 5 செ.மீ. அகலமும் பெட்டியின் முழு உள் உயரமும் கொண்ட பிளவுப் போர்ட்டுக்குச் சுமார் 65 செ.மீ. நீளம் வேண்டும். ஆழம் அவ்வளவு இல்லாததால் பின்சுவரில் ஒருமுறை மடக்க வேண்டியிருக்கும். போர்ட்டும் அதன் தடுப்புப் பலகையும் கிட்டத்தட்ட 14 லிட்டரை விழுங்கிவிடும். ஸ்பீக்கரும் போக மிச்சம் 48. அதே ஸ்பீக்கரோடு மொத்த எடை 24 கிலோ.

தரையிலிருந்து 24 கிலோ தூக்குவது பெரிய விஷயமில்லை. குனிந்து, கையை முழுசாக நீட்டி, டிக்கியின் விளிம்பைத் தாண்டித் தூக்கும்போது அது வேறு 24 கிலோ.

போர்ட்டட் பெட்டிக்கு நியாயமும் இருக்கிறது. அதே வாட்டுக்கு டியூனிங் அதிர்வெண்ணை ஒட்டிய பகுதியில் சத்தம் தெளிவாகக் கூடும். ஆனால் அதற்குக் கீழே ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் வீதம் சரியும். சீல்டில் 12 டெசிபல்தான். காரின் மூடிய கேபின் அடிமட்ட அதிர்வெண்களைத் தானாகவே தூக்கிக் கொடுப்பதால் சீல்டின் இந்தச் சரிவு பெருமளவு ஈடாகிவிடுகிறது. டியூனிங்குக்குக் கீழே போர்ட்டட் பெட்டியில் கோனை (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) பிடித்து நிறுத்தக் காற்று அழுத்தம் இருக்காது. ஆம்பில் (ஆம்ப்ளிஃபையர்), மிகத் தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் சப்சானிக் ஃபில்டரை 28–30 ஹெர்ட்ஸில் வைக்காவிட்டால் கோன் எல்லை தாண்டி ஆடி, அதை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் அடிபடும். இன்னொரு சின்ன தொல்லை: டிக்கியில் உருளும் பாட்டில் மூடியோ நாணயமோ போர்ட்டுக்குள் போய்விட்டால், ஸ்பீக்கரைக் கழற்றும்வரை கடகடவென்று கூடவே தாளம் போடும்.

அடிக்கடி எடுக்கும் பெட்டி என்றால் சீல்டுதான். 16 கிலோவும் அதிகம் என்பவர்கள் 10 அங்குலத்துக்கு இறங்கலாம். 15–20 லிட்டர் போதும்.

எம்.டி.எஃப்.பா, பிர்ச் பிளைவுட்டா

எடை குறையும் என்று பிர்ச் பிளைவுட் வாங்கினால் ஏமாற்றம்தான். இரண்டின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றே. பிளைவுட்டின் பலம் வேறு இடத்தில்: மூலையில் இடிபட்டால் எம்.டி.எஃப். நொறுங்கும், ஈரத் தரையில் ஓர் இரவு வைத்தால் அடிப்பகுதி ஊதும், விளிம்பில் திருகு நிற்காது. தூக்கி இறக்கும் பெட்டிக்கு இந்த மூன்றும் நடந்தே தீரும். 15 மி.மீ. பிர்ச்சும் நடுவில் ஒரு குறுக்குக் கட்டையும் போட்டால் 18 மி.மீ. எம்.டி.எஃப்.புக்குக் குறையாத விறைப்பு கிடைக்கும், கொஞ்சம் எடையும் குறையும். எம்.டி.எஃப்.தான் கையில் இருக்கிறது என்றால், 4 மி.மீ. திருகுக்கு முதலில் 3 மி.மீ. துளை போடாமல் முடுக்காதீர்கள், விளிம்பு பிளக்கும். இணைப்பில் பிடிப்பது மரப் பசைதான், திருகு அது காயும்வரை இறுக்கிவைக்கத்தான். உள் மூலைகளில் சிலிகான் பூசினால் ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே ஸ்பீக்கரை மாட்டலாம். வினிகர் வாடை வரும் வகையின் ஆவி, மூடிய பெட்டிக்குள் உலோகப் பாகங்களை அரிக்கும்.

ஸ்பீக்கரைப் பிடிக்க மரத்திருகைவிட எம்5 டீ-நட் (பலகையின் பின்புறம் பதியும் பல்லுள்ள நட்) மேல். சுத்தியலால் அடித்துச் சொருகாமல், போல்ட்டைப் போட்டு இழுத்து உட்காரவைத்து, விளிம்பில் எபாக்சி தடவுங்கள். இல்லையென்றால் மாட்டும்போது ஒன்றாவது கழன்று பெட்டிக்குள் விழும்.

பலகை வெட்டும் முன் டிக்கியின் தரையை எல்லோரும் அளக்கிறார்கள், வாயை அளப்பதில்லை. உள்ளே அழகாகப் பொருந்தும் பெட்டி வாய் வழியாக நுழையாது. அட்டையில் அதே அளவில் ஒரு பெட்டி செய்து உள்ளே விட்டு எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஆம்ப் காரிலா, பெட்டியிலா

இதற்கு எண்ணே பதில் சொல்லும். 2 ஓம் ஸ்பீக்கருக்கு 600 வாட் போனால் ஸ்பீக்கர் வயரில் ஓடுவது சுமார் 17 ஆம்பியர். அதையே தர, 80 சதவீதத் திறனுள்ள கிளாஸ்-டி ஆம்ப் பேட்டரியிலிருந்து 54 ஆம்பியர் இழுக்கும். ஆம்ப் காரில் நின்றால், பெட்டியோடு கழற்ற வேண்டியது 4 சதுர மி.மீ. வயர் இரண்டு மட்டும். பெட்டியின் முதுகில் ஏற்றினால் 21 சதுர மி.மீ. பவர் வயர், எர்த், ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் வயர், ஒலி சிக்னல் வரும் ஆர்.சி.ஏ. ஜோடி எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும். பெட்டியும் இரண்டு மூன்று கிலோ கூடும். ஆம்ப் ஓடும்போது ஆர்.சி.ஏ.-வை உருவினால் ஸ்பீக்கர் படாரென்று அடிக்கும் என்பது தனி.

ஒரே பெட்டியை இரண்டு கார்களில் மாற்றிப் போடுபவருக்கு மட்டும் பெட்டியிலேயே ஆம்ப் என்பது பொருந்தும். அப்படியானால் பவருக்கு, அவ்வளவு ஆம்பியரையும் அந்தத் தடித்த வயரையும் தாங்கும் ஆண்டர்சன் பிளக் போடுங்கள். அதன் முனைகள் கூட்டுக்குள் ஒளிந்திருப்பதால், காரில் மிஞ்சும் உயிருள்ள முனை பாடியில் உரசாது. பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் என்பது இரண்டு முறைக்கும் கட்டாயம்.

கிளிப், பனானா, ஸ்பீக்கான்

ஸ்பிரிங் கிளிப் டெர்மினல் மலிவு. இந்த வேலைக்கு லாயக்கில்லை. தடித்த வயர் நுழையாது. பத்தாவது முறை மாட்டும்போது ஓர் இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொடும், ஆம்ப் புரொடெக்‌ஷனுக்குப் போகும், அதாவது தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். பனானா பிளக் வேகமானது, ஆனால் பூட்டு இல்லை. உருளும் சாமான் இழுத்தால் உருவிக்கொள்ளும், வெறும் முனைகள் ஒன்றையொன்று தொடும். மேடை ஒலி வேலைக்காரர்கள் பயன்படுத்தும் நான்கு முனை ஸ்பீக்கான் இங்கே சரியான தேர்வு. சொருகித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும், இருட்டிலும் தலைகீழாக நுழையாது, முனைகள் வெளியே தெரியாது. இரட்டை வாய்ஸ் காயில் என்றால் நான்கு முனையும் பயன்படும். சாக்கெட்டின் உடம்பு வழியாகக் காற்று கசியாமலிருக்க அடியில் ரப்பர் வாஷரோ மாஸ்டிக்கோ வையுங்கள். பெட்டியை மூடியபின் கோனை மெல்ல அழுத்தி விட்டுப் பாருங்கள். சோம்பலாகத் திரும்பினால் சீல் சரி, சட்டென்று திரும்பினால் எங்கோ ஓட்டை.

கைப்பிடியிலும் இதே கவனம் வேண்டும். பலகையில் கை நுழையும் ஓட்டை வெட்டினால் சீல்டு பெட்டி சீல்டாக இருக்காது. மேலே திருகும் பட்டைக் கைப்பிடி போதும், ஸ்பீக்கர் பக்கமாகச் சற்று நகர்த்தி. எடை அந்தப் பக்கம்தான்.

வெல்க்ரோவா, பெல்ட்டா, போல்ட்டா

பின் இருக்கையின் உறுதியைச் சோதிக்கும் ஐ.நா.வின் 17-ஆம் எண் வாகன விதியில், இருக்கைக்குப் பின்னால் சாமானுக்குப் பதிலாக வைக்கும் 30 செ.மீ. கட்டைகள் ஒவ்வொன்றும் 18 கிலோ. நம் சீல்டு பெட்டியும் கிட்டத்தட்ட அதே எடை, அதே உருவம். வெல்க்ரோ வளைவுகளில் பெட்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும், மோதலில் நிற்காது. போல்ட் உறுதியானது, ஆனால் ஸ்பேனர் தேடும் வேலை பெட்டியைக் கழற்றும் ஆசையைக் கொன்றுவிடும். டிக்கியில் சாமான் கட்டுவதற்கென்றே இருக்கும் கொக்கிகளில் ராட்செட் பெல்ட் இரண்டு, பெட்டியை இருக்கை முதுகோடு ஒட்டவைத்து இழுத்துக் கட்டினால் போதும். பிளாஸ்டிக் மளிகைக் கொக்கிகளை நம்ப வேண்டாம். பெல்ட்டோடு அடியில் வெல்க்ரோவும் இருந்தால் பெட்டி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும். பத்து செ.மீ. தள்ளி வைத்தாலே பாஸ் மாறிக் கேட்கலாம்.

பெட்டி வெளியே இருக்கும் நாட்களில் முன் ஸ்பீக்கர்கள் 80 ஹெர்ட்ஸ் ஹை-பாஸிலேயே (அதற்குக் கீழான ஒலியைத் தடுக்கும் ஃபில்டர்) ஓடினால் பாட்டு சப்பென்று இருக்கும். ஹெட் யூனிட்டில் இரண்டு பிரீசெட் சேமித்து, பெட்டியில்லாத பிரீசெட்டில் அந்த ஃபில்டரை 50 ஹெர்ட்ஸுக்கு இறக்கி, சப் அவுட்புட்டையும் அணைத்துவிடுங்கள்.