பயிற்சியும் தந்து வேலையும் தரும் அமெரிக்க டிரக் நிறுவனம்: சேர்வதற்கு முன் படிக்க ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் கனரக டிரக் ஓட்டத் தேவையான ஏ பிரிவு சி.டி.எல். உரிமம் இல்லாதவர்களைச் சேர்த்துக்கொண்டு, தன் செலவில் பயிற்சி தந்து, உரிமம் கிடைத்த கையோடு வேலையிலும் அமர்த்துகிற பெரிய நிறுவனங்களுள் ஒன்றில் சேர்ந்து, ஒப்பந்தக் காலம் முடியும்வரை ஓட்டினேன். குறைகளையும் எழுதவிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். பள்ளிக்கூடமாக அது நன்று, முதலாளியாகச் சுமார் என்பதே என் முடிவு. சக்கரம் உருளாத நேரத்துக்கு என்ன தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் இத்தகைய இடங்களில் கையெழுத்திடக் கூடாது என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பயிற்சியைப் பற்றி எனக்குப் பெரிய குறையில்லை. 2022 பிப்ரவரி 7 முதல், புதிதாக உரிமம் எடுப்பவர் மத்திய அரசின் பயிற்சியாளர் பதிவேட்டில் உள்ள ஓரிடத்தில் பாடமும் செய்முறையும் முடித்திருக்க வேண்டும். ஆனால் வண்டியை இத்தனை மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச அளவை அந்த விதி வைக்கவில்லை. திறமை வந்துவிட்டதாகப் பயிற்சியாளர் கருதினால் போதும். ஆகவே ஒரு வண்டிக்கு எத்தனை மாணவர்கள், ஒருவருக்கு ஸ்டீயரிங் எவ்வளவு நேரம் கையில் கிடைக்கும் என்பதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் பயிற்சியாளர் ஏர் பிரேக் சோதனையில் யாரையும் எளிதில் விடமாட்டார். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, நிறுத்த பிரேக்கைப் பூட்டவும் விடுவிக்கவும் உள்ள மஞ்சள், சிவப்புக் குமிழ்கள் இரண்டையும் உள்ளே தள்ளி, பெடலை முழுவதும் மிதித்தபடி ஒரு நிமிடம் காற்றழுத்தமானியின் முள்ளைப் பார்க்கச் சொல்வார். டிரெய்லருடன் இணைந்த வண்டியில் அந்த ஒரு நிமிடத்தில் காற்றழுத்தம் 4 பி.எஸ்.ஐ. அலகுக்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு பெடலை மிதித்து மிதித்து விடும்போது, அழுத்தம் 55-க்குக் கீழே போவதற்குள் எச்சரிக்கை ஒலி வர வேண்டும். 20-க்கும் 45-க்கும் இடையில் குமிழ்கள் தாமாக வெளியே குதிக்க வேண்டும். எண்களை ஒப்பிப்பவரை அவர் நம்புவதில்லை, முள்ளை விரலால் காட்டச் சொல்வார். டிரெய்லரை மாட்டிய பிறகு விளக்குடன் அடியில் குனிந்து, கிங்பின் எனப்படும் டிரெய்லரின் இணைப்பு முளையைச் சுற்றி டிரக்கின் பூட்டுத் தாடை பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கும் பழக்கமும் அவரிடம் கற்றதுதான்.

உரிமத்துக்குப் பிறகு, நிறுவனத்தின் பயிற்றுநர் ஒருவருடன் ஒரே வண்டியில் ஓட்டும் காலம் வேறு மாதிரியானது. கற்பவர் அனுமதியுடன் ஓட்டும்வரை உரிமம் பெற்றவர் ஒருவர் முன்னிருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. தேர்வில் தேறிய மறுநாளே அந்தக் கட்டாயம் போய்விடுவதால், பயிற்றுநர் பின்னால் படுத்துத் தூங்க, புதியவர் இரவெல்லாம் ஓட்ட, வண்டி நிற்காமல் ஓடுகிறது. இருவர் ஓட்டும் மைல்களுக்கும் சேர்த்துப் பயிற்றுநருக்குப் பணம் கிடைக்கிற இடத்தில், நின்று கற்றுத்தருவதில் அவருக்கு ஆர்வம் குறைவாக இருப்பதை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊதிய முறை அப்படி. இந்தக் காலத்தில் எனக்கு நாள் கணக்கில் ஒரு நிலையான தொகை தந்தார்கள். எல்லா இடத்திலும் அதுவும் கிடைப்பதில்லை. பயிற்சிக் காலத்தில் ஊதியமின்றி ஓட்டவைத்ததாக ஓட்டுநர் ஒருவர் நியூ பிரைம் என்ற டிரக் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், சுயதொழில் ஒப்பந்தக்காரர் என்று எழுதி வாங்கியிருந்தாலும் சரக்குப் போக்குவரத்துத் தொழிலாளரைக் கூட்டாட்சி நடுவர் சட்டத்தின் பேரில் நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவரிடம் போகும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று 2019 ஜனவரியில் தீர்ப்பானது.

இனி ஊதியம். ஆள் சேர்ப்பவர் தொலைபேசியில் சொல்லும் ஒரே எண் மைலுக்கு இத்தனை சென்ட் என்பதுதான். அந்த எண்ணைவிட எந்த மைல் என்பது முக்கியம். எங்கள் நிறுவனம் இரண்டு அஞ்சல் குறியீடுகளுக்கு இடையிலான குறுகிய தூரத்தைத்தான் கணக்கிட்டது. டிரக் போகக்கூடிய பாதை எப்போதும் அதைவிடச் சற்று நீளம் என்பதால், மீட்டரில் ஓடியதற்கும் சம்பளச் சீட்டில் வந்ததற்கும் வாராவாரம் இடைவெளி இருந்தது. நெடுந்தூர ஓட்டுநருக்குக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி மிகைநேர ஊதியமும் பொதுவாகக் கிடையாது. 1938-ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் இவர்களுக்கு அதிலிருந்து விலக்களித்திருக்கிறது. ஆகவே கிடங்கின் வாசலில் கழியும் நேரத்தை யார் சுமப்பது என்பதுதான் உண்மையான சம்பளப் பேச்சு.

ஓட்டும் நேர விதியை அறிந்தவருக்கு இது விளங்கும். தொடர்ந்து 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு, வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். 8 மணி நேரம் ஓட்டிய பின் அரைமணி இடைவேளை வேண்டும். 8 நாட்களில் 70 மணி நேர வேலையைத் தாண்டிவிட்டால் ஓட்டக் கூடாது. காலை 6 மணிக்குத் தொடங்கியவரின் 14 மணி நேரம், சரக்கு ஏற்றப்பட்டாலும் ஏற்றப்படாவிட்டாலும், இரவு 8 மணிக்கு முடிகிறது. அதில் 6 மணி நேரத்தைக் கிடங்கு தின்றுவிட்டால், மீதியில் டீசல், சோதனை, நெரிசல் எல்லாம் போக எத்தனை மைல் ஓட முடியும்? வண்டியிலுள்ள படுக்கை அறையில் 7 மணி நேரமும், இன்னொரு வேளையில் 3 மணி நேரமுமாக ஓய்வைப் பிரித்துக்கொண்டால் அந்தக் கடிகாரத்தை நிறுத்தி வைக்கலாம். இதை எங்கள் வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனார்கள், அரைநாள் சொல்லியிருக்க வேண்டும். காத்திருப்புக்கான டிடென்ஷன் தொகை எங்களுக்கு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தொடங்கியது. அதுவும் வாடிக்கையாளர் கொடுத்தால்தான் எங்களுக்கு வரும் என்று கையேட்டின் உள்பக்கம் ஒன்றில் இருந்தது. தினப்படி என்ற பெயரில் சம்பளத்தின் ஒரு பகுதியைப் பிரித்துத் தருவதையும் கவனிக்க வேண்டும். கைக்கு வருவது கொஞ்சம் கூடும். ஆனால் ஓய்வூதியமும் விபத்து இழப்பீடும் கணக்கிடப்படும் சம்பளம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

பயிற்சிக் கட்டணத்தை ஓராண்டு வேலை செய்து கழிக்க வேண்டும், இடையில் விலகினால் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். இதில் விலகுவதைப் போலவே விலக்கப்படுவதும் எண்ணப்படுகிறதா, மாதா மாதம் கடன் குறைகிறதா அல்லது கடைசி நாள்வரை முழுதாக நிற்கிறதா என்று வாசித்துப் பார்க்க வேண்டும். முந்தைய நிறுவனங்கள் ஓட்டுநரைப் பற்றித் தரும் தகவல்கள் அடங்கிய டி.ஏ.சி. அறிக்கை என்று ஒன்று இருக்கிறது. பாதி வழியில் வண்டியை விட்டுவிட்டுப் போனார் என்று அதில் ஏறிவிட்டால் அடுத்த வேலை கடினம். அதன் நகலைக் கேட்டுப் பெறவும் தவறுகளை மறுக்கவும் சட்டப்படி உரிமை உண்டு. நிறுவனத்தை நாமும் விசாரிக்கலாம்: மத்திய அரசின் சேஃபர் இணையதளத்தில் நிறுவனத்தின் அரசுப் பதிவு எண்ணான யு.எஸ்.டாட் எண்ணை இட்டால், சாலைச் சோதனைகளில் அதன் வண்டிகள் எத்தனை விழுக்காடு நிறுத்தி வைக்கப்பட்டன என்பது தேசியச் சராசரியுடன் சேர்ந்து வரும்.

வண்டிகளைப் பொறுத்தவரை நிறுவனத்தைப் பாராட்டலாம். டயர் மாற்றக் கேட்டால் மறுத்ததில்லை. கண்ணாடியில் பொருத்திய கேமரா நம்மையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பனிக்காற்றில் வயோமிங் சாலையோரம் நிறுத்தியிருந்தபோது, மற்றவர்கள் போகிறார்களே என்று, வண்டிகளுக்குச் சரக்கு ஒதுக்கும் அலுவலரான டிஸ்பாட்சர் செய்தி அனுப்பினார். எதிரே வண்டி தெரியவில்லை, பாதுகாப்பாக ஓட்ட முடியாது என்று தொலைபேசியில் பேசாமல் வண்டியின் திரையிலேயே பதில் எழுதினேன். அதன் பிறகு கேள்வி வரவில்லை. விதியை மீறி ஓட்டும்படி நிறுவனமோ சரக்கு அனுப்புபவரோ மிரட்டுவதைத் தடுக்கும் விதி 2016-இல் நடைமுறைக்கு வந்தது. ஓட்ட மறுத்ததற்காக வேலையை விட்டு நீக்கினால் 180 நாட்களுக்குள் தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் ஓஷா அலுவலகத்தில் முறையிடலாம். இரண்டுக்கும் எழுத்தில் உள்ள செய்திதான் கைகொடுக்கும்.

கடைசியாக, தனியே ஓட்டத் தொடங்கிச் சில மாதங்கள் ஆனதும், வண்டியைக் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்று அழைப்பு வரும். முன்பணம் இல்லை, பழைய கடன் வரலாறு பார்ப்பதில்லை என்பார்கள். வாராந்திரத் தவணையும் டீசலும் காப்பீடும் முதலில் கழிக்கப்படுவதால், சரக்கு குறைந்த வாரத்தில் நிறுவனத்துக்கு நாமே பாக்கிப்பட்டு நிற்க நேரிடும். சரக்கு தருவதும் தவணை வாங்குவதும் ஒரே கை. இந்த முறையை ஆராய அமைக்கப்பட்ட கூட்டாட்சிப் பணிக்குழு 2025 ஜனவரியில் அளித்த அறிக்கையில், இதைத் தடை செய்யும்படி நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. எனக்கு வந்த அழைப்பில், அதே வண்டியை வேறு நிறுவனத்தில் ஓட்டலாமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள், நான் சம்பள ஓட்டுநராகவே தொடர்ந்தேன்.