எல்எம்1881 + அர்டுயினோ: கேமரா படத்தில் எழுத்து நடுங்காமல் நிற்க

வாசல் அனலாக் கேமராவின் படத்தின் மேல் நேரமும் வெப்பநிலையும் காட்டுவதற்காக எல்எம்1881 சிப்பையும் ஓர் அர்டுயினோ ஊனோ போர்டையும் ஒன்றிரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சிப்பைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரு 680 கிலோஓம் ரெசிஸ்டர், சில 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள், 5 வோல்ட் சப்ளை போதும். வீடியோவிலிருந்து சிங்க் பல்ஸை, அதாவது ஒவ்வொரு வரியும் தொடங்குவதைச் சொல்லும் துடிப்பை, சுத்தமாகப் பிரித்துக் கொடுத்துவிடும். கேபிளின் முடிவில் வேண்டிய 75 ஓம் ரெசிஸ்டர் (டெர்மினேஷன்) டிவியிலேயே இருக்கிறது. இங்கேயும் ஒன்று போட்டால் படம் மங்கிவிடும்.

படுத்தி எடுப்பது ஊனோவில் இருக்கும் ஏவிஆர் மைக்ரோகன்ட்ரோலர்தான். பிஏஎல் (நம் ஊர் அனலாக் டிவி முறை) படத்தில் ஒரு வரி 64 மைக்ரோ செகண்ட், ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் கச்சிதமாக 1024 சைக்கிள். பல்ஸ் வந்ததும் இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்தி வேறொன்றுக்குத் தாவுவது), இத்தனை சைக்கிள் கழித்து எழுத்தைத் தொடங்கு, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் கையில் இருக்கும் கட்டளையை முடித்துவிட்டுத்தான் ஏவிஆர் இன்டரப்டுக்குள் போகும். அது ஒரு சைக்கிள் கட்டளையாகவும் இருக்கலாம், நாலு சைக்கிளாகவும் இருக்கலாம். அந்த வித்தியாசத்திலேயே எழுத்தின் ஓரம் ரம்பப் பல் மாதிரி ஆகிவிடுகிறது.

பல்ஸ் வருவதற்குச் சற்று முன்பே சிபியுவை ஐடில் ஸ்லீப் என்ற லேசான தூக்கத்தில் போட்டுவிட்டால் இது சரியாகிவிடும். தூங்கும்போது எந்தக் கட்டளையும் பாதியில் நிற்காது, எழுந்து வர எப்போதும் ஒரே நேரம்தான். கேமராவின் கடிகாரமும் ஊனோவின் கடிகாரமும் வேறு வேறு என்பதால் ஒரு சைக்கிள், அதாவது 62.5 நானோ செகண்ட் ஆட்டம் மிஞ்சும். என் கண்ணுக்கு அது தெரியவில்லை.

அப்புறமும் எழுத்து அவ்வப்போது சிலிர்த்தால் சிப்புக்குள் இருக்கும் டைமர்0-ஐப் பாருங்கள். மில்லிஸ் (எத்தனை மில்லி செகண்ட் ஆயிற்று என்று சொல்லும் அர்டுயினோ ஃபங்ஷன்) கணக்குக்காக அது 1024 மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை இன்டரப்ட் கொடுக்கிறது. கணக்குப் போட்டால் சரியாக 16 வரி! அந்த வேலை ஓடும்போது பல்ஸ் வந்துவிட்டால் அந்த வரிகள் விலகி நிற்கும். இரண்டு கடிகாரமும் மெல்ல மெல்ல விலகுவதால் கொஞ்ச நேரம் ஒழுங்காக இருந்து, திடீரென்று ஆடும், மறுபடி அடங்கும். ஆளைக் குழப்புவதற்கென்றே வருகிற கோளாறு. அந்த இன்டரப்டை இயக்கும் டிம்ஸ்க்0 ரெஜிஸ்டரைப் பூஜ்யம் ஆக்கினால் தீர்ந்தது. மில்லிஸும் டிலேயும் போய்விடும்தான், ஆனால் 20 மில்லி செகண்டுக்கு ஒருமுறை எல்எம்1881 தருகிற வெர்ட்டிகல் பல்ஸை எண்ணியே சமாளிக்கலாம். மணி காட்ட அதை நம்ப வேண்டாம். நான் டிஎஸ்3231 ஆர்டிசி (தனிக் கடிகார சிப்) வைத்திருக்கிறேன். வெப்பநிலையும் அதிலிருந்தே வருகிறது.

பிக்சல்களை வரிசையாக அனுப்ப, சிப்பில் இருக்கும் எஸ்பிஐ சீரியல் போர்ட்டைவிட, எஸ்பிஐ மாஸ்டராக மாற்றிய யுஎஸ்ஏஆர்டி (இன்னொரு சீரியல் போர்ட்) தான் மேல். அதில் பஃபர் இருப்பதால் பைட்டுக்கும் பைட்டுக்கும் நடுவே இடைவெளி விழாது.

ஏஎச்டி (அனலாக் எச்டி) மட்டும் தருகிற கேமராவுக்கு இது சரிப்படாது. சிவிபிஎஸ்ஸுக்கு (பழைய சாதாரண அனலாக் வீடியோ) மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.