லேப்டாப்பைக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இப்போதுதான் ரிப்பேர் கடையிலிருந்து வந்தேன். கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் லேப்டாப் தானாக அப்டேட் போட்டுக்கொண்டு ரீஸ்டார்ட் ஆனது. வந்து நின்றது நீலத் திரை. பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி) ரெக்கவரி கீ வேண்டுமாம், 48 இலக்கம். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பயந்துபோய்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கவுன்டரில் இருந்தவர் மூடியைத் திறந்து, கீபோர்டு இடுக்கில் இருந்த தூசியைச் சின்ன பிரஷ்ஷால் தட்டிவிட்டார், நான் கேட்காமலே. "அக்கா, ஒரு ஃபைல்கூடப் போகாது, நான் பொறுப்பு" என்றார். அந்த பிரஷ்ஷில்தான் விழுந்தேன். மதர்போர்டு போச்சு, மாற்றணும் என்றார். அரை மாதச் சம்பளம். அப்படியே எண்ணிக் கொடுத்தேன். ரசீதில் என்ன எழுதினார் என்றுகூடப் பார்க்கவில்லை.

அப்புறம் நான்கு நாள் இழுத்தடிப்பு. "டெக்னீஷியன் வெளிய போயிருக்கார்." "பார்ட் வரணும்." "சாயங்காலம் கூப்பிடுங்க." சாயங்காலம் கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள்.

இன்று கொடுத்தார்கள். ஆன் ஆனது, வாங்கிய அன்று இருந்ததுபோலக் காலியாக. என் ஃபைல்கள் எங்கே என்றால், "அது அப்டேட்லயே போயிருக்கும், கம்பெனியக் கேளுங்க" என்கிறார். வீட்டில் திருப்பிப் பார்த்தால், அடியில் ஸ்க்ரூ மேல் ஒட்டிய வாரண்டி ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறது. கழற்றாத மெஷினில் எந்த மதர்போர்டை மாற்றினார்? ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். அதற்கு அரை மாதச் சம்பளம்!

2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றனவே, அதற்கு மதர்போர்டையா மாற்றினார்கள்? சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழித்தார்கள்.

வயிறு எரிவது இதற்குத்தான்: மொபைலில் என் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்தால், அந்த 48 இலக்கமும் ஆறு ஆறாக எட்டுக் கட்டாக அங்கேயே இருக்கிறது. அப்டேட் பயோஸை, அதாவது மெஷின் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் மென்பொருளை, தொட்டால் சில சமயம் இப்படிக் கேட்குமாம். அன்றே அடித்திருந்தால் திறந்திருக்கும். இப்போது சாவி இருக்கிறது, வீடு இல்லை.

விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. கீ கேட்டால் முதலில் கணக்கில் தேடுங்கள். கேட்காமல் தொங்கினால் ரெக்கவரி மெனுவில் அப்டேட்டை நீக்கும் வசதி இருக்கிறது, அதைப் பாருங்கள். ஃபார்மட்டுக்குத் தலையாட்டாதீர்கள். முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள்.

ரசீதை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "ஜெனரல் சர்வீஸ்" என்று மட்டும் இருக்கிறது. போன் போட்டேன், கட் செய்கிறார்கள்.