ரத்த அணுக்களை எண்ண அனலைசரா, ஸ்மியரா?

பூனையின் ரத்த அறிக்கையில் பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) 40,000 என்று குறைவாக வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த எண்ணைத்தான். பூனைக்குப் பிளேட்லெட் பெரிது. சிவப்பணுவோ சிறிது, விட்டம் கிட்டத்தட்ட 6 மைக்ரான்தான். மின்தடையை வைத்து அளவு பார்த்துப் பிரிக்கும் அனலைசர், அதாவது அணுக்களை எண்ணும் கருவி, இரண்டையும் குழப்பிக்கொள்ளும். போதாக்குறைக்கு, ரத்தம் எடுக்கும்போதே பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இருபது சேர்ந்த கொத்து கணக்கிலேயே வராமல் போகும், சில நேரம் வெள்ளையணு என்று பதிவாகும். ஸ்மியரின், அதாவது கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்துப் பூசிய ரத்தத்தின், மெல்லிய முனையை நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தக் கொத்துகள் அங்கே கும்பலாக உட்கார்ந்திருக்கும். கொத்து இல்லையென்றால் 100 மடங்கு எண்ணெய் லென்ஸில் ஒரு புலத்துக்குப் பத்து தெரிந்தாலே ஏறத்தாழ ஒன்றரை லட்சம், பயமில்லை.

அதற்காகக் கண்ணை முழுதாக நம்பவும் முடியாது. நூறு வெள்ளையணுக்களை எண்ணி அதில் ஈசினோஃபில் என்ற வகை 10 சதவீதம் என்றால், உண்மை 4 முதல் 18 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அனலைசர் ஆயிரக்கணக்கில் எண்ணுகிறது. ரத்தசோகை நாய் தேறுகிறதா என்று நாளுக்கு நாள் பார்க்க எனக்கு அனலைசர்தான் வேண்டும்.

ஆனால் அதே நாயின் ரத்தத்தில் உட்கரு உள்ள இளம் சிவப்பணுக்கள் வந்துவிட்டால்? பல அனலைசர்கள் அவற்றையும் வெள்ளையணுவோடு சேர்த்துவிடும். 20,000 என்று காட்டி, ஸ்மியரில் நூறு வெள்ளையணுவுக்கு 25 அப்படிப்பட்டவை இருந்தால் சரியான எண் 16,000தான். பறவை, ஊர்வனவற்றுக்குச் சிவப்பணு எல்லாவற்றிலுமே உட்கரு உண்டு. அங்கே கையால் எண்ணுவதுதான் வழி.

சிவப்பணுவுக்குள் இருக்கும் பேபிசியா ஒட்டுண்ணி, பேண்ட் எனப்படும் முதிராத நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளையணு), கடும் அழற்சியில் நியூட்ரோஃபிலில் தெரியும் நச்சு மாற்றம் இவையெல்லாம் கண்ணின் பேட்டை. லேசர் அனலைசர் பேண்ட் இருக்கலாம் என்று எச்சரிக்கும். நான் அதை ‘ஸ்மியரைப் பார்’ என்று மட்டும்தான் படிக்கிறேன்.

சரி, வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் ஸ்மியரை ரத்தம் எடுத்த உடனே போட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமல் வைக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் ஒரு நாள் கிடந்தால் சிவப்பணு உப்பும், நியூட்ரோஃபில் சிதையும். அப்புறம், திசுத்துண்டு இருக்கும் ஃபார்மலின் டப்பாவோடு ஒரே பையில் வைக்காதீர்கள். அதன் ஆவி பட்ட ஸ்மியரில் சாயம் ஒழுங்காகப் பிடிக்காது.