கட்டைவிரல் அளவில் ஒரு காது: வௌவால் மைக், நான்கு மாத அனுபவம்

முப்பத்தொரு ஆண்டுகள் ரேடியோ பழுது பார்த்தவன் நான். தொழில் கொடுத்தது விரல்களில் ஈயம் சுட்ட தழும்புகள். வயது கொடுத்தது 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் விழாத காது. பரிசோதனைத் தாளில் என் செவித்திறன் கோடு நடுவரை ஒழுங்காக வந்து, பிறகு கிணற்றில் விழுந்ததுபோல் இறங்குகிறது. அப்படிப்பட்டவன் 192 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் மைக் ஒன்றை வாங்கி வந்தால் வீட்டில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

கருவி கட்டைவிரல் அளவுதான். கைபேசியின் சார்ஜர் துளையில் செருக வேண்டும். தனியாக பேட்டரி கிடையாது, பொத்தான் கிடையாது. முகப்பில் ஒரு சின்னத் துளை, அதன்மேல் கம்பிவலை. நொடிக்கு 3,84,000 முறை ஒலியை அளக்கிறது. அதில் பாதி அதிர்வெண் வரைதான் பதிவாகும் என்பதால் 192 என்ற கணக்கு. மனிதக் காதின் உச்சவரம்பு 20 கிலோஹெர்ட்ஸ். அதற்கு மேலே இருப்பது மீயொலி. பெரும்பாலான வௌவால்கள் பேசுவதும் பூச்சியைத் தேடுவதும் அங்கேதான். தயாரித்தவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன், பிறகு சண்டைக்கு வருவார்கள்.

முதல் இரவே ஏமாற்றம். பெரிய மரமொன்றில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகத் தொங்குமிடத்துக்குப் போய் மைக்கை நீட்டினேன். தலைக்கு மேல் கீச்சுக்கீச்சென்று ஒரே சண்டை. கைபேசிச் செயலி ஒலியைப் படமாக வரையும், கீழிருந்து மேலாக அதிர்வெண். அந்தத் திரையில் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் துடைத்துவிட்டதுபோல் கறுப்பு. கருவி செத்துப் பிறந்தது என்று முடிவுகட்டி, பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்ப முகவரிகூட எழுதிவிட்டேன். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: அந்தப் பெரிய பழந்தின்னிகள், கத்திவிட்டுத் திரும்பிவரும் எதிரொலியை நம்பி வாழ்பவை அல்ல. பெரிய கண்களும் மூக்கும்தான் அவற்றுக்கு முதல். அந்தக் குடும்பத்தில் ரூசெட்டஸ் என்ற பேரினம் மட்டும் நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்கிறது. பெட்டியோடு வந்த தாளில் இதை ஒரு வரி சேர்த்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

மைக் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதன்முன் மெல்லத் தேயுங்கள். உங்கள் காதுக்கு ஒன்றுமே கேட்காது. திரையில் 50, 60 கிலோஹெர்ட்ஸ் வரை சாம்பல் பூத்ததுபோல் ஒரு திட்டு எழும். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது அரைமணி நேரம் விரலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சரியான இடம் தெருவிளக்கின் அடி. பொழுது சாய்ந்து இருபது நிமிடத்தில் சின்ன வௌவால் ஒன்று வரும். செயலியில் கேட்பதற்கு இரண்டு வழிகள். ஒன்று, ஹெட்டரோடைன். இந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பழைய நண்பனைக் கண்டதுபோல் இருந்தது. நான் கழற்றி மாட்டிய ஒவ்வொரு ரேடியோவும் இந்த வித்தையில்தான் ஓடியது: வரும் அலையோடு உள்ளே உண்டாக்கும் அலையைக் கலந்து, இரண்டுக்குமான வேறுபாட்டை எடுப்பது. ரேடியோவில் அந்த வேறுபாடு பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ். இங்கே வௌவால் 45-இல் கத்துகிறது, நான் திரையில் முள்ளை 43-இல் வைக்கிறேன், என் காதில் 2 கிலோஹெர்ட்ஸ் வந்து விழுகிறது. நிலையம் பிடிப்பது போலவேதான்.

இதில் இன்னொரு உறவும் இருக்கிறது. ஸ்படிகம் வைத்துச் சீரான அலை உண்டாக்கும் பியர்ஸ் ஆஸிலேட்டரை எத்தனை முறை மாற்றியிருப்பேன், கணக்கில்லை. அதை வடிவமைத்த ஹார்வர்டு இயற்பியலாளர் ஜி. டபிள்யூ. பியர்ஸிடம்தான் 1938-இல் டொனால்டு கிரிஃபின் என்ற மாணவர் ஒரு கூண்டு வௌவால்களைத் தூக்கிக்கொண்டு போனார். பியர்ஸின் மீயொலிக் கருவி முன் கூண்டை வைத்ததும் அதுவரை ஊமை என்று நினைத்த பிராணிகள் இரைந்தன. 1790-களிலேயே இத்தாலிய விஞ்ஞானி ஸ்பல்லன்சானி வௌவால்களின் கண்ணை மறைத்தும் அவை முட்டாமல் பறப்பதைக் கண்டிருந்தார்; ஜூரின் என்ற சுவிஸ் மருத்துவர் அவற்றின் காதை அடைத்ததும் அவை தடுமாறின. காதால் எப்படிப் பார்க்கும் என்று உலகம் கேலி செய்தது. கேலிக்குப் பதில் கிடைக்க நூற்றைம்பது ஆண்டுகளும் ஒரு ரேடியோக்காரரும் தேவைப்பட்டார்கள்.

இரண்டாவது வழி, பதிவுசெய்து பத்து மடங்கு மெதுவாக ஓட்டுவது. 70-இல் தொடங்கி 45-க்கு இறங்கும் ஒரு கத்தல், 7-இலிருந்து 4.5 ஆகிவிடும். என் கிணற்றுக்கு இப்பக்கம்! முதல் பதிவை ஹெட்ஃபோனில் கேட்டபோது பறவை சீழ்க்கை அடிப்பதாகவே நினைத்தேன்.

ஒரு பதிவை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்தக் கருவியை நான் திருப்பி அனுப்பாததற்கு அதுவே காரணம். பதினொரு நொடிப் பதிவு. முதல் ஆறு நொடிகள் நொடிக்குப் பத்து என்ற அளவில் சீரான கத்தல். திரையில் கொக்கி கொக்கியாக, சம இடைவெளியில். ஏழாவது நொடியில் கொக்கிகள் நெருங்குகின்றன. எதையோ பிடித்துவிட்டது அதன் காது. பிறகு கொக்கிகள் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே நீண்டிருந்த வால் குறைந்து, சீப்புப் பற்கள் போல ஆகிவிடுகின்றன. ஹெட்டரோடைனில் அது துணி கிழிவதுபோல் ‘ப்ர்ர்ர்’ என்று கேட்கும். பிறகு வெறுமை. பத்தில் ஒரு பங்கு நொடிக்கும் சற்று அதிகமான மௌனம். அந்த மௌனத்தில் அது பூச்சியை வாயில் போட்டுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மறுபடி சீரான கத்தல் தொடங்குகிறது.

அந்தக் கிழிசல் ஒலியில் நொடிக்கு 150-க்கும் மேற்பட்ட கத்தல்கள் இருக்கும். எந்தத் தசை இவ்வளவு வேகத்துக்கு ஈடுகொடுக்கும்? 2011-இல் வெளியான ஆய்வில் டௌபென்டன் வௌவாலின் குரல்வளைத் தசையைத் தனியே எடுத்து அளந்தார்கள்: நொடிக்கு 200 முறை வரை சுருங்கி விரிகிறது. கிலுகிலுப்பைப் பாம்பின் வாலிலும் சில மீன்களிலும் பறவைகளின் குரலுறுப்பிலும் மட்டும் அறிந்திருந்த அதிவேகத் தசை வகை. பாலூட்டியில் அதுவே முதல்முறை. சத்தமும் சாதாரணமல்ல. பனாமாவில் அளந்ததில் சில இனங்களின் கத்தல் வாய்க்குப் பத்து சென்டிமீட்டர் முன்னால் 140 டெசிபெல் வரை எட்டியது. இப்படிக் கத்தினால் அதன் காதே கெட்டுப்போகாதா என்று எனக்கு உடனே தோன்றியது. ஒலிபரப்பும் கருவியையும் வாங்கும் கருவியையும் ஒரே ஆண்டெனாவில் வைத்தவன் கேட்கும் கேள்வி இது. விடையும் அதேதான்: ஒவ்வொரு கத்தலுக்கும் சற்று முன் நடுக்காதுத் தசை இறுகி ஒலியைக் குறைத்துவிடுகிறது, எதிரொலி வரும் நேரத்துக்குத் தளர்ந்துவிடுகிறது. ரேடாரில் இதற்கென ஒரு சுவிட்ச் வைப்போம்.

இனி குறைகள். பெட்டியின்மேல் ‘30 மீட்டர் தொலைவு’ என்று அச்சடித்திருக்கிறார்கள். 30 கிலோஹெர்ட்ஸுக்கு அது உண்மையாக இருக்கலாம். அதிர்வெண் ஏற ஏறக் காற்று ஒலியை விழுங்கிவிடும். 80-க்கு மேல் கத்தும் குதிரைலாட வௌவால் சில மீட்டருக்குள் வந்தால்தான் எனக்குக் கிடைத்தது. பழி காற்றின்மேல், ஆனால் அச்சடித்தது காற்றல்ல.

பெரிய குறை, செயலி தானாக இனத்தின் பெயரைச் சொல்வது. விரலைத் தேய்த்ததற்கு ஒரு வௌவாலின் பெயரைச் சொன்னது, 87 சதவீத நம்பிக்கையோடு. பையின் ஜிப்பை இழுத்ததற்கு இன்னொன்று. ஒரே வௌவால் திறந்தவெளியில் பறக்கும்போது நீட்டி ஒரே சுருதியில் கத்தும், இலைகளுக்குள் நுழைந்தால் குறுக்கிச் செங்குத்தாக இறக்கும். செயலி இரண்டையும் இரண்டு இனங்கள் என்கிறது. அந்த வசதியை அணைத்துவிட்டேன். காதாக மைக் முதல்தரம். வாயைத் திறந்தால்தான் பொய்.

பதிவுகள் இடத்தை அடைக்கும்: நிமிடத்துக்கு 46 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 2.7 ஜிகாபைட்டுக்கு மேல். ஒலி வந்தால் மட்டும் பதிவு தொடங்கும் அமைப்பைப் போட்டுவையுங்கள். சில எல்இடி விளக்குகளின் மின்சுற்று 40-க்குப் பக்கத்தில் ஓயாமல் ஊளையிடுகிறது. நான்கு அடி தள்ளி நின்றால் அடங்கிவிடும். செருகுமிடம் கொஞ்சம் ஆடுகிறது. அதற்கு ஒரு ரப்பர் வளையம் போட்டுச் சரிசெய்துகொண்டேன், இந்த வயதில் அது கூடவா தெரியாது.

வாங்கியதிலிருந்து வௌவாலைவிட அந்துப்பூச்சிகளைப் பற்றித்தான் அதிகம் படித்திருக்கிறேன். 2009-இல் வந்த ஒரு ஆய்வில் பெர்தோல்டியா ட்ரைகோனா என்ற புலி அந்துப்பூச்சி, வௌவால் நெருங்கும்போது மீயொலிச் சொடுக்குகளை வாரியிறைத்து அதன் எதிரொலியைக் குழப்பிவிடுவதைக் காட்டினார்கள். போர்க்காலத்தில் எதிரி ஒலிபரப்பை இரைச்சல் போட்டுக் கெடுப்பார்களே, அதே வேலை. லூனா அந்துப்பூச்சியின் சுழன்ற வால்நுனிகள் வௌவாலைத் திசைதிருப்பி வாலைக் கடிக்க வைக்கின்றன என்பது 2015-இல் தெரிந்தது, உடம்பு தப்பிவிடும். வௌவாலுக்குப் பயந்துதான் அந்துப்பூச்சிக்குக் காது முளைத்தது என்று நெடுநாள் சொல்லிவந்ததை 2019-இல் வந்த பெரிய மரபணு ஆய்வு அசைத்துவிட்டது. சில வம்சங்களில் காதுகள் வௌவால்கள் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே இருந்திருக்கின்றன. வேறு எதையோ கேட்க வைத்திருந்த காது பிறகு வௌவாலுக்கும் பயன்பட்டிருக்கிறது. பழுது பார்ப்பவனுக்கு இது புதிதல்ல. ஒரு ரேடியோவுக்கு வாங்கிய உதிரி இன்னொன்றில்தான் எப்போதும் போய்ச் சேரும்.

போன வாரம் பேத்தியை விளக்கடிக்கு அழைத்துப்போனேன். சுவரில் அந்துப்பூச்சிகள் படபடத்துக்கொண்டிருந்தன. “சாவிக்கொத்தை ஆட்டு” என்றேன். உலோகம் உரசும்போது மீயொலி பீறிடும். திரையில் கோடுகள் உச்சிவரை எழுந்தன. பறந்துகொண்டிருந்த ஒன்று இறக்கையை மடித்துக் கல்லாக விழுந்தது. “தாத்தா, செத்துவிட்டதா?” என்று குனிந்தாள். அது ஊர்ந்து சுவரோரம் ஒதுங்கியது. மறுபடி ஆட்டினாள், மறுபடி மறுபடி. ஐந்தில் இரண்டு விழுந்தன, ஒன்று திரும்பிப் பறந்தது. மற்ற இரண்டும் சாவியைச் சட்டை செய்யாமல் விளக்கைச் சுற்றிக்கொண்டே இருந்தன. காதே இல்லாத இனங்களும் உண்டு, என் கட்சி.