சாக்கெட்டின் மூன்றாவது ஓட்டை: காசு கொடுக்கும் முன் திறந்து காட்டச் சொல்லுங்கள்

போன மாதம் அம்மா ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கப் போய் ஷாக் அடித்து விழுந்துவிட்டார். அப்போதுதான் தரை துடைத்திருந்தது, வெறுங்கால். ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய் ஈ.சி.ஜி. எடுத்தோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஷாக்குக்குக் காரணமான வேலைக்கு நான்தான் காசு எண்ணிக் கொடுத்தேன்.

தங்கச்சிமடம் பக்கம் எங்கள் வீடு. பின்பக்கம் புதிதாக அடுப்படி கட்டினோம். செலவு குறையட்டும் என்று சுவரில் குழாய் பதித்து, சிவப்பு (கரண்ட் வரும் ஃபேஸ்), கருப்பு (கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல்), பச்சை (கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த்) மூன்று வயரையும் நானே இழுத்தேன். கனெக்ஷன் கொடுக்க மட்டும் ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். சான்று இருக்கிறதா என்று கேட்கவில்லை. எர்த் குழிக்குத் தனியாக நாலாயிரம் வாங்கினார். முடித்ததும், "பாருங்க அண்ணே, எர்த் பக்காவா இருக்கு" என்று சாக்கெட்டில் ஃபேஸ் ஓட்டைக்கும் மூன்றாவதான எர்த் ஓட்டைக்கும் நடுவே ஒரு பல்பை வைத்துக் காட்டினார். பளிச்சென்று எரிந்தது. நம்பினேன்.

அம்மா விழுந்த மறுநாள், உச்சிப்புளியிலிருந்து கம்பியாள் (வயர்மேன்) சான்று வைத்திருக்கும் ஒருவர் வந்து மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றினார். நான் கையால் இழுத்த பச்சை வயர் இரண்டு அங்குலத்தில் வெட்டப்பட்டு ஓரமாக நின்றது. நியூட்ரலிலிருந்து ஒரு சின்னக் கருப்புத் துண்டை எடுத்து எர்த் பின்னில் சொருகியிருந்தது. பல்பு எரிந்தது அதனால்தான். நியூட்ரல் வழியாக எரிந்ததை எர்த் என்று காட்டியிருக்கிறார். இந்தப் பல்பு சோதனையை யார் காட்டினாலும் நம்பாதீர்கள்.

நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை இது வெளியே தெரியாது. எங்கள் பக்கம் உப்புக் காற்று. சரியாக முறுக்காத செம்பு இணைப்பு பச்சைக் களிம்பு பிடித்துவிடும். வயர்கள் சேரும் ஜங்ஷன் பெட்டியில் நியூட்ரல் விட்டுப்போனதும், ஃபிரிட்ஜ் மோட்டார் வழியாக வந்த கரண்ட் திரும்ப வழியில்லாமல் அந்தக் கருப்புத் துண்டு வழியே ஃபிரிட்ஜின் உடம்புக்கு வந்திருக்கிறது.

அப்போதுகூட ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) காப்பாற்றியிருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுகிற மாதிரியை நானே வாங்கிக் கொடுத்திருந்தேன். மெயின் பெட்டியில் அது இருந்தது, ஆனால் அதன் வழியாக ஒரு வயரும் போகவில்லை. முதலில் வந்த எலக்ட்ரீஷியனிடம் போனில் கேட்டபோது, "சும்மா சும்மா விழுந்துச்சுண்ணே, டைரக்டா கொடுத்துட்டேன்" என்றார். அது பெரும்பாலும் சும்மா விழாது, எங்கேயோ கசிகிறது என்றுதான் விழும். அதில் T என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். நான் ஒருநாளும் அழுத்திப் பார்க்கவில்லை.

எர்த் குழியில் இருந்தது இரண்டடி இரும்புக் குழாய், அதுவும் துருப்பிடித்து. இந்தியத் தரம் ஐ.எஸ். 3043 இரண்டரை மீட்டர் கேட்கிறது. "கடற்கரை மண்ணுக்கு இதுவே போதும்" என்று அவர் சொன்னபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஈர உப்பு மண்ணில் கரண்ட் நன்றாக இறங்கும், உண்மைதான். அதே உப்பு குழாயையும் தின்றுவிடும் என்று தோன்றவில்லை.

விதியையும் அப்புறம்தான் படித்தேன். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது நாமே செய்யலாம். புது லைன் இழுப்பது உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலம், தகுதிச் சான்று உள்ளவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணைய விதிமுறை சொல்கிறது. அப்படிப் பார்த்தால் நான் வயர் இழுத்ததே தப்பு.

பணம் திரும்ப வரவில்லை. அந்த ஆள் இன்னும் இந்தப் பக்கம்தான் வேலை பார்க்கிறார். எங்கள் தெருவில் அவர் வயரிங் செய்த இரண்டு வீடுகள் உண்டு. ஒன்றில் நேற்று அந்தக் கம்பியாளைக் கூட்டிப்போய்த் திறந்து பார்த்தோம், அதே கருப்புத் துண்டு. இன்னொரு வீடு பூட்டியிருக்கிறது, அவர்கள் மதுரையில் இருக்கிறார்கள். வந்ததும் மெயினைப் போட வேண்டாம், முதலில் எனக்குச் சொல்லுங்கள் என்று போன் செய்திருக்கிறேன்.