பழைய செம்பு சென்ட் நாணயத்தைச் சுத்தம் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

அமெரிக்கப் பழைய செம்பு நாணயம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைக் கடைக்காரரிடம் சுத்தம் செய்யக் கொடுக்காதீர்கள். என்னுடைய 1803 லார்ஜ் சென்ட் பாழானது அப்படித்தான்.

1793 முதல் 1857 வரை பிலடெல்பியாவில் அடித்த பெரிய சென்ட் வகை அது. கிட்டத்தட்ட 11 கிராம், முழுச் செம்பு. நல்ல அடர்பழுப்பு நிறம். ஆண்டு எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பச்சைப் புள்ளி. முன்பு வைத்திருந்தவர் பிவிசி உறையில் போட்டிருந்தார். அந்த பிளாஸ்டிக் நாளாக ஆக அமிலத்தைக் கக்கும், செம்பு பச்சையாகப் பிசுபிசுக்கும்.

பச்சையை மட்டும் எடுக்க வேண்டும், வேறெங்கும் கை வைக்கக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.

திரும்பக் கையில் வாங்கியதும் வயிறு எரிந்தது. புளி போட்டுத் தேய்த்த குடம் மாதிரி இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் காசில் இருக்கும் லிபர்ட்டி அம்மையின் (சுதந்திர தேவியின்) கன்னத்தில் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். எழுத்து இடுக்குகளில் மட்டும் கொஞ்சம் பழைய பழுப்பு மிச்சம். அமிலத்தில் முக்கித் துணியால் தேய்த்திருக்கிறார்கள். அந்தப் பழுப்பு அழுக்கே அல்ல, 200 வருடமாகச் செம்பின் மேல் படிந்த ஆக்சைடு. அடியில் இருக்கும் உலோகத்துக்கு அதுதான் காவல். போனால் போனதுதான்.

கேட்டால், "புதுசு மாதிரி ஆயிடுச்சே" என்கிறார். மேற்கொண்டு பணம் கொடுத்தால் கந்தகக் கலவை பூசித் திரும்பப் பழுப்பாக்கித் தருவாராம்! இப்படி நிறமேற்றிய காசைத்தான் அசல் நிறம் என்று இன்னொருவர் தலையில் கட்டுகிறார்கள். மறுத்துவிட்டேன். ரசீதைக் காட்டியும் ஒரு டாலர்கூடத் திரும்ப வரவில்லை. பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்பினாலும் இனி தர எண் கிடைக்காது. சுத்தம் செய்யப்பட்டது என்ற குறிப்போடுதான் வரும்.

பிவிசி பச்சைக்குச் சுத்தமான அசிட்டோன் போதும். ஜன்னலைத் திறந்துவைத்து, நெருப்பு பக்கத்தில் இல்லாமல், கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறவையுங்கள். தேய்க்காமல் எடுத்து உலரவிடுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் வேறு சேர்மானம் இருக்கும். பிறகு மைலார் (பிவிசி இல்லாத பாலியெஸ்டர்) உறையில் போடுங்கள். செம்பையே அரித்த களிம்பு என்றால் கதை வேறு. அதற்குச் செம்பு நாணயத்திலேயே ஊறிய சேகரிப்பாளரைத் தேடுங்கள். எந்தத் திரவம் போடுவீர்கள் என்று முதலில் கேளுங்கள். "டிப்" (அமிலக் கரைசலில் முக்குவது) என்று சொன்னால் நாணயத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.